சீசன் நேரத்துல மூச்சு முட்டி, அதுலேர்ந்து மீண்டு வந்த என் அனுபவம்

எங்க ஊர் குன்னூர். வெளியூர்ல யார்கிட்ட சொன்னாலும் உடனே "உங்களுக்கென்னங்க கவலை, வருஷம் பூரா ஏசியில இருக்கீங்க"ன்னு சொல்வாங்க. ஒன்பது வருஷமா ஒரு காட்டேஜ்ல ரிசப்ஷன் பாக்குறேன். மெட்ராஸ்லேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் வேலை டென்ஷன் தாங்காம ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாம்னு வர்றாங்க, அவங்க நிம்மதியா தூங்கணும்னா இங்க ஒருத்தர் முழிச்சிருக்கணும். அந்த ஒருத்தருக்கு என்ன ஆச்சு, எப்படி சரியாச்சுன்னு எழுதுறேன். இதே நிலைமையில இருக்கற யாருக்காவது எங்க போகணும், என்ன கேக்கணும்னு தெரிஞ்சா போதும்.

2024 மே 7லேர்ந்து நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கெல்லாம் இ-பாஸ் வந்துச்சு, ஐகோர்ட் உத்தரவு. மலை இவ்வளவு வண்டி தாங்காதுன்னுதான் கொண்டு வந்தாங்க, அது நியாயம்தான், ஊர்க்காரங்களுக்கு அது நல்லா தெரியும். அப்புறம் 2025 ஏப்ரல்லேர்ந்து சீசன் முடியற வரைக்கும் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8000னு கணக்கு வெச்சாங்க. ரூமுக்கு பணம் கட்டிட்டு பாஸ் கிடைக்காதவங்க யாருக்கு போன் பண்ணுவாங்க? எங்களுக்குத்தான். அந்த புக்கிங் நம்பர் என் சொந்த போன்ல இருந்துச்சு, ஒன்பது வருஷமா அப்படித்தான், நானே வேணாம்னு சொல்லாம விட்டுட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு ரீஃபண்ட் கேட்டு ஒருத்தர், ரெண்டு மணிக்கு கல்லார் செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டு ஒருத்தர், காலையில அஞ்சு மணிக்கு கீசர்ல சுடுதண்ணி வரலன்னு ஒருத்தர்.

வீட்டுக்காரர் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுறாரு. சீசன்ல விடியக்காலம் மூணு மணிக்கே கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு இறங்கிடுவாரு. பொண்ணு நாலாவது படிக்கிறா, கூட எங்கம்மா, முப்பது வருஷம் எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க, இப்ப முட்டி வலி, பிபி.

ஏப்ரல் கடைசியில தூக்கம் போச்சு. படுத்தவுடனே அசந்துடுவேன், மூணு மணிக்கு டக்குனு முழிப்பு வரும், அதோட சரி. போன் அடிக்காமலேயே அடிக்கிற மாதிரி கேக்கும். பென்சில் பாக்ஸை காணோம்னு பொண்ணு வந்து நின்னதுக்கு கத்துன கத்துல அவ கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா, அது இன்னும் என் கண்ணுலயே இருக்கு. ஒரு நாள் சாவி மாட்டுற பலகையில ஏழாம் நம்பர் சாவியை எடுத்து கையில வெச்சுக்கிட்டே ஏழாம் நம்பர் சாவி எங்கன்னு பத்து நிமிஷம் தேடியிருக்கேன்.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, செக்-அவுட்டும் செக்-இன்னும் ஒரே நேரம், கவுண்டர்ல பதினஞ்சு பேரு, திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, கை விரலெல்லாம் மரத்துப் போச்சு, மூச்சு உள்ள போகுது ஆனா பத்தல, ஹார்ட் அட்டாக்னே நினைச்சேன், எனக்கு 34 வயசு. ஹவுஸ்கீப்பிங் அக்கா வண்டி பிடிச்சு கூட்டிட்டுப் போனாங்க. மூணு கிலோமீட்டர் தூரம் போக ஒரு மணி நேரம், அவ்வளவு டிராபிக், ரெண்டு பக்கமும் வெளியூர் கார், ஒரு குழந்தை கண்ணாடி வழியா எனக்கு டாட்டா காட்டுது, நான் இந்த ரோட்லயே செத்துடுவேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். போய் சேர்றதுக்குள்ள படபடப்பு பாதி அடங்கியிருந்துச்சு. இசிஜி எடுத்தாங்க, நார்மல். "ஒண்ணுமில்லம்மா, கேஸ், ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த "ஒண்ணுமில்ல"தான் எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. ஒண்ணுமில்லன்னா இவ்வளவு நேரம் எனக்கு நடந்தது என்னன்னு யாராவது சொல்லணும்ல?

அடுத்த வாரம் பஸ்ல போகும்போது ஒரு நினைப்பு வந்துச்சு, இந்த பஸ் லேசா சாஞ்சு எனக்கு ஒரு கால் மட்டும் முறிஞ்சா பத்து நாள் படுத்துக்கலாமேன்னு. சாகணும்னு நினைக்கல, படுத்தா போதும்னு. அதை யார்கிட்டயும் சொல்லல.

மே 25, 26 நீலகிரிக்கு ரெட் அலர்ட் போட்டாங்களே, அந்த ராத்திரி கேன்சலேஷன் போன் மேல போன். நடுராத்திரி மறுபடியும் அதே படபடப்பு, இந்த தடவை வீட்ல, வெளிய மழை ஊத்துது, அம்மா என் முதுகை தடவிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. "மழையில வேலை இல்லாத நாள்ல நாங்களும் பயந்துக்கிட்டுதான் இருந்தோம் பாப்பா, ஆனா சாயங்காலம் கூடையை இறக்கி வெச்சா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீ கூடையை இறக்கவே மாட்டேங்கறியே"ன்னாங்க.

எங்கம்மாவுக்கு பிபி மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வரும், அதை கொண்டு வர்ற அக்கா அந்த வாரம் வந்தப்ப அம்மா என்கிட்ட கேக்காமலேயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எனக்கு கோவம் வந்துச்சு. ஆனா அந்த அக்காதான் 14416னு ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாங்க. டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, நம்ம தமிழ்நாட்டுல "நட்புடன் உங்களோடு மனநல சேவை"ன்னு பேரு. இலவசம், ராத்திரி பகல் எப்ப வேணா பண்ணலாம், தமிழ்ல பேசுறாங்க. மூணு நாள் அந்த சீட்டை பர்ஸ்லயே வெச்சிருந்தேன். நாலாவது நாள் மொட்டை மாடியில நின்னு பண்ணேன்.

எடுத்தது ஒரு பொண்ணு. அவசரப்படுத்தல. எத்தனை மணிக்கு தூங்குறீங்க, சாப்பாடு எப்படி, எவ்வளவு நாளா, வீட்ல யாரு இருக்காங்க, இப்படியே கேட்டுட்டு, உயிரை விடணும்னு எப்பவாவது தோணுச்சான்னு நேராவே கேட்டாங்க. யாரும் என்கிட்ட அப்படி நேரா கேட்டதில்ல. பஸ் விஷயத்தை சொன்னேன், சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. அவங்க பதறல, "நீங்க ரொம்ப களைச்சுப் போயிருக்கீங்க, டாக்டரை ஒரு தடவை நேர்ல பாத்துடுங்க, அரசு ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கு"ன்னாங்க.

ஊட்டிக்கு பஸ் ஏறினேன். தெரிஞ்சவங்க யாராவது பாத்துடுவாங்களோன்னு ஸ்கார்ஃபை இழுத்து இழுத்து மூடிக்கிட்டு போனேன். ஓபி சீட்டு வாங்குற இடத்துல எந்த டிபார்ட்மெண்ட்னு கேட்டப்ப மெதுவா சொன்னேன், அவங்க சத்தமா "என்னது?"ன்னாங்க, மறுபடியும் சொன்னேன், எழுதிக் கொடுத்துட்டு அடுத்த ஆளை கூப்பிட்டாங்க, அவ்வளவுதான். எனக்கு பக்கத்துல உக்காந்திருந்தவங்கள்ல ஒரு காலேஜ் பையன், ஒரு பாட்டி, ஒரு யூனிஃபார்ம் போட்ட டிரைவர். எல்லாரும் சாதாரணமா இருந்தாங்க.

டாக்டர் மொதல்ல ரத்தம் டெஸ்ட் எழுதினாங்க, தைராய்டும் ஹீமோகுளோபினும். தைராய்டு அதிகமானாலும் இதே மாதிரி படபடப்பு வரும், ரத்தம் கம்மியானாலும் மூச்சு வாங்கும், அதை பாத்துட்டுதான் மத்ததுன்னாங்க. ரெண்டும் பெரிசா பிரச்சனை இல்ல. அப்புறம்தான் விளக்கமா சொன்னாங்க. உடம்பு ஆபத்து வந்த மாதிரி அட்ரினலினை விட்டுடுது, காட்டெருமை எதுக்க வந்தா ஓடுறதுக்கு உடம்பு தயாராகுமே, அதே வேலைதான், ஆனா எதுக்க நிக்கிறது காட்டெருமை இல்ல, போன். அது சுமார் பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போயி அப்புறம் தானா இறங்கும். இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். பேரு தெரிஞ்சதே எனக்கு பாதி மருந்து.

அடுத்து டீ கேட்டாங்க. ஒரு நாளைக்கு எத்தனைன்னு. எண்ணிப் பாத்தா எட்டு, எல்லாம் நல்லா கொதிச்ச ஸ்ட்ராங் டீ, தூக்கம் வராம இருக்கறதுக்கே குடிச்சது. ரெண்டா குறைங்க, மதியம் ரெண்டு மணிக்கு மேல வேணாம்னாங்க. அம்மா நம்பவே இல்ல, டீத்தூளுக்கே வாழ்க்கையை கொடுத்தவங்க, டீ என்ன பண்ணும்னு கேட்டாங்க. ஆனா ஒரு வாரத்துல கை நடுக்கம் குறைஞ்சுது.

மாத்திரையும் கொடுத்தாங்க. பேரு எழுதல, ஏன்னா எனக்கு கொடுத்தது உங்களுக்கு சரியா வரணும்னு இல்ல, யாரும் என் பேச்சைக் கேட்டு கடையில போய் வாங்கிடக் கூடாது. மொத வாரம் குமட்டல் இருந்துச்சு, மாத்திரை வேலை செய்யவும் இல்ல, இது தெரியாம நிறைய பேரு அங்கேயே விட்டுடறாங்களாம். ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும்னு அவங்க சொன்ன மாதிரியே மூணாவது வாரம் ஒரு நாள் காலையில அஞ்சரைக்கு முழிச்சேன், வெளிச்சம் வந்திருந்துச்சு. ராத்திரி மூணு மணியை நான் பாக்கவே இல்ல.

மனநல ஆலோசனை கொடுக்கற கவுன்சிலர் சொன்னதுல மூணு விஷயம் எனக்கு நிஜமா உதவுச்சு. மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடறது, விடற மூச்சுதான் நீளமா இருக்கணும். இன்னொண்ணு, சாயங்காலம் ஆறரைக்கு ஒரு நோட்டுல கவலையெல்லாம் எழுதறது, பதினஞ்சு நிமிஷம் மட்டும். ராத்திரி ஏதாவது நினைப்பு வந்தா அதை நாளைக்கு ஆறரைக்கு பாத்துக்கலாம்னு தள்ளி வைக்கணும். மூணாவது, தூக்கம் வரலன்னா இருபது நிமிஷத்துக்கு மேல படுக்கையில புரளாம எந்திரிச்சு உக்காரணும், இது குளிர் காலத்துல ரொம்ப கஷ்டம், கம்பளியோட எந்திரிச்சு அடுப்பங்கரையில உக்காந்துக்குவேன்.

ஆனா மாத்திரையும் மூச்சும் மட்டும் போதாது, போன் அடிச்சுக்கிட்டே இருந்தா எதுவும் நிக்காது. டாக்டரும் அதைத்தான் கேட்டாங்க, "வேலையில என்ன மாத்துனீங்க?"ன்னு. ஜூன்ல ஓனர்கிட்ட போனேன். வாயால சொன்னா அழுதுடுவேன்னு தெரியும், அதனால ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போனேன். புக்கிங் நம்பருக்கு தனி சிம், தனி போன், அது கவுண்டர்லயே இருக்கணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல நைட் வாட்ச்மேன் எடுக்கணும், ரூம்ல அவசரம்னா மட்டும். சீசன்லயும் வாரத்துல ஒரு நாள் எனக்கு லீவு. சார் மொதல்ல "எல்லாருக்கும்தானேம்மா டென்ஷன், எனக்கு இல்லியா"ன்னாரு. நான் பதில் சொல்லல, ஓபி சீட்டை எடுத்து வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சு சிம்முக்கும் எட்டு மணிக்கும் சரின்னாரு. லீவு மட்டும் அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு, அதுக்கும் விடாம கேட்டேன். பதிலுக்கு என் இன்சென்டிவ்ல கொஞ்சம் போச்சு, மாசம் கை இறுக்கமாத்தான் இருக்கு, அதை மறைக்க விரும்பல.

அந்த போனை மொத நாள் டிராயர்ல வெச்சு பூட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. சின்ன பித்தளை பூட்டு. பூட்டிட்டு கேட் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து திறந்து பாத்தேன். ரெண்டாவது நாளும் பாத்தேன். ஒரு வாரம் ஆச்சு திரும்பி வராம போறதுக்கு.

ஒரு தப்பும் பண்ணேன். செப்டம்பர்ல நல்லா இருக்குன்னு மாத்திரையை நானே நிறுத்திட்டேன். நாலஞ்சு நாள்ல தலை சுத்தல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு, ஆயுத பூஜை லீவு கூட்டத்துல மறுபடியும் படபடப்பு. டாக்டர் திட்டல. இதை படிப்படியா குறைச்சுதான் நிறுத்தணும், நல்லா ஆனதுக்கப்புறமும் சில மாசம் சாப்பிடணும்னு மறுபடியும் ஆரம்பிச்சு வெச்சாங்க. இப்பதான் குறைக்க தொடங்கியிருக்கோம்.

பிரைவேட்ல பாக்குறவங்களுக்கு ஒண்ணு. 2017 மனநல சட்டத்துல, உடம்பு நோய்க்கு எப்படியோ அதே மாதிரி மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்கணும்னு இருக்கு. உங்க பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு கேட்டுப் பாருங்க, கேக்க வெக்கப்படாதீங்க.

வீட்டுக்காரரைப் பத்தி சொல்லணும். ஆரம்பத்துல "ரெஸ்ட் எடு, சரியாயிடும்"னு மட்டும்தான் சொன்னாரு. அவருக்கு ரெண்டு வருஷமா வயிறு எரியுது, கார் டேஷ்போர்டுல ஜெலுசில் பாட்டில் எப்பவும் இருக்கும், தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பாரு, நானும் அதை வெறும் அசிடிட்டின்னு விட்டிருந்தேன். போன மாசம் என் ஓபிக்கு வண்டியில கொண்டு போய் விட்டாரு. எப்பவும் கீழயே வண்டியில உக்காந்திருப்பாரு. அன்னைக்கு இறங்கி கூடவே வந்தாரு. சீட்டு வாங்குற இடத்துல என் சீட்டை வாங்கிட்டு திரும்பிப் பாத்தா அவர் இன்னும் வரிசையிலயே நிக்கிறாரு. என்னங்க, வாங்கியாச்சேன்னேன். "எனக்கு வாங்கல இன்னும்"னாரு.