கண்ணை மூடச் சொல்வதற்கு முன்

1979-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸில் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சியில், தினமும் வீட்டில் 45 நிமிடம் செய்யவேண்டும். போரைக் கண்டு, உங்களிடம் மனநல ஆலோசனைக்கு வந்தவருக்கு அதை அப்படியே கொடுக்காதீர்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பழைய காட்சிகள் பாய்ந்து வரும், படபடப்பு கூடும். கண் திறந்தே இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் படுவதை 3 நிமிடம் கவனித்தால் முதல் வாரத்துக்கு அதுவே போதும். படபடத்தால் நிறுத்தி, அறையில் தெரியும் 5 பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

அவருடைய வழிபாட்டுப் பழக்கத்தையும் கேளுங்கள். திக்ர் (இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இஸ்லாமிய வழிபாடு), ஜெபமாலை என்று ஏற்கெனவே கைவந்த ஒன்று இருக்கும்; அவரிடம் ஓம் ஒலிப்பதிவைப் போடுவது அசட்டுத்தனம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) தீவிரமாக இருக்கும்போது நீண்ட தியானம் வேண்டாம். தியானம்தான் செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிட்டாரா என ஒவ்வொரு சந்திப்பிலும் விசாரியுங்கள்.