விளக்கு அணைந்தால் கசிவு அடைபட்டுவிட்டதா?

பி0442, பி0456 போன்ற பெட்ரோல் ஆவிக் கசிவுக் குறியீடுகளை ஸ்கேன் டூலில் (காரின் கணினியோடு பேசும் கருவி) அழித்தால் செக் எஞ்சின் விளக்கு அணைந்துவிடும். ஓட்டை அப்படியே இருந்தாலும் அணையும். ரெடினெஸ் மானிட்டரும் (சோதனை முடிந்ததா என்ற பதிவு) கூடவே அழிவதால், கார் மறுபடி சோதனை நடத்தும்வரை கணினிக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் தோற்றால்தான் விளக்கு மீண்டும் எரியும். அதற்குள் காரும் பில்லும் கைமாறியிருக்கும்.

அதனால் முதலில் ஸ்மோக் மெஷின்: உள்ளே புகையைச் செலுத்தி, அது வெளியேறும் இடத்தில் ஓட்டையைக் காட்டும் கருவி. ஆவி அமைப்புக்கு வெளிக்காற்றை விடும் வென்ட் வால்வ் சாதாரணமாகத் திறந்தே இருக்கும். ஸ்கேன் டூல் வழியாக மூடிவிட்டுப் புகையை விடவும். அழுத்தம் அரை பிஎஸ்ஐக்குள், சுமார் 13 அங்குல நீர்மட்ட அழுத்தம் போதும். கம்ப்ரஸர் காற்றை நேரே கொடுத்தால் டேங்க் உப்பும். பெட்ரோல் ஆவியோடு காற்று கலப்பதும் ஆபத்து. நைட்ரஜன் நல்லது. பி0456 என்பது 0.5 மி.மீ. ஓட்டை. அதில் வரும் புகை கண்ணுக்குத் தப்பும், எனவே மெஷினின் ஃப்ளோ மீட்டரில் (ஓட்ட அளவி) உள்ள குண்டைப் பாருங்கள். டேங்கில் புகை நிறைந்த பிறகும் அது மிதந்தால் இன்னும் எங்கோ கசிகிறது. பெட்ரோல் டேங்க் மூடியை மாற்றியும் தீரவில்லையென்றால், பெட்ரோல் ஊற்றும் ஃபில்லர் குழாயில் மறைப்புக்குப் பின்னால் துருவையும், பம்ப் மேல் ஓ-ரிங் முறுக்கிக்கொண்டதா என்பதையும் தேடுங்கள்.

அடுத்தது, ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வ். அதைச் சோதிக்க விரல் போதும். எஞ்சின் ஐடிலில் ஓட, வால்வின் கனெக்டரைக் கழற்றி, கேனிஸ்டர் (ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டி) பக்க ஹோஸையும் எடுத்து வால்வின் வாயில் விரலை வையுங்கள். விரலை உள்ளே இழுத்தால் வால்வ் மூடவில்லை. பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும் கார்களில் பெரும்பாலும் இதுதான். உள்ளே கரித் துகள் தெரிந்தால் கேனிஸ்டர் உடைந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் அடைத்துக்கொள்ளும்.

இனி காரே தீர்ப்பு சொல்ல வேண்டும். பல டொயோட்டா மாடல்களில் இந்தக் கசிவுச் சோதனை, சாவியை அணைத்து 5 மணி நேரம் கழித்துத்தான் நடக்கும். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தால் 7 மணி நேரத்தில், அப்போதும் முடியாவிட்டால் 9.5 மணி நேரத்தில். டேங்க் 90 சதவீதத்துக்குக் கீழே, உள்ளிழுக்கும் காற்று 4.4 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள், அதற்கு முன் 10 நிமிடமாவது ஓட்டம். இரவு முழுக்கத் தொடாமல் விடுங்கள். நடுவில் பெட்ரோல் போடாதீர்கள்.

காலையில் மானிட்டர் 'கம்ப்ளீட்' என்று காட்டுவது சோதனை நடந்தது என்பதற்குத்தான் சாட்சி, தேறியது என்பதற்கல்ல. பெண்டிங் குறியீடு (ஒருமுறை தோற்று, விளக்கு இன்னும் எரியாத நிலை) இல்லை, மோட் 6 மதிப்பு (சோதனையில் கார் அளந்த எண்) எல்லைக்குள் இருக்கிறது என்று இரண்டையும் பார்த்த பிறகே வேலை முடிந்தது.

கலிஃபோர்னியாவின் ஸ்மாக் (வாகனப் புகைச் சோதனை) சான்றிதழைக் கசிவு தீர்ந்ததற்கு ஆதாரமாகக் காட்டுவோரும் உண்டு. அங்கே 2000-க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு இந்த ஆவிக் கசிவு மானிட்டர் ஒன்று முடியாவிட்டாலும் தேர்ச்சி கிடைக்கும். 2010 மாடல் முதல் வரும் நிரந்தரக் குறியீடு (கார் தானே சோதித்துத் தேறினால்தான் நீங்கும் குறியீடு) அப்படியல்ல. பேட்டரியைக் கழற்றினாலும் போகாது, ஸ்கேன் டூலாலும் அழிக்க முடியாது.