எலி குடிவராத உரத்தொட்டி: மூன்றாவது தடவை

ராமநாதபுரம் மாவட்டத்தில், கடலை ஒட்டிய உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. மணல் தரை. இரண்டு வேம்பு, நான்கு தென்னை, ஒரு முருங்கை. மாசி பிறந்தால் வேம்பு கொட்டுகிற சருகை வாரி மாளாது. கூட்டித் தீ வைப்பதுதான் எங்கள் தெருவில் வழக்கம். போன வருஷம் எரிக்காமல் மட்க வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் மூலையில் கோழிவலையை வளைத்துக் கட்டிச் சருகைக் கொட்டினேன். அப்பப்போ தண்ணீர் தெளித்தேன். இந்தக் காற்றுக்கு அது மேலோடு காய்ந்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்துக் கிளறினால் போட்ட இலை போட்டபடி. நடுவில் மட்டும் தேங்காய் நாரைப் பஞ்சு மாதிரி கிழித்து ஒரு கூடு, அதற்குள் கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ஐந்து, சிவப்பாக. பக்கத்திலேயே நகரை மீன் முள்ளும் காய்ந்த சோற்றுப் பருக்கையும். அப்பத்தாவைக் கேட்டேன். “ஆமா, நாந்தேன் போட்டேன். உரந்தானேடா?” என்றார்.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. எலிக்கு இலை ஒன்றும் சாப்பாடு இல்லை. சோறும் மீன் கழிவும் அதை வரவழைக்கின்றன. காய்ந்த, யாரும் கலைக்காத குவியல் அதற்கு வீடாகிவிடுகிறது. இரண்டையும் நானே கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது பிளாஸ்டிக் டிரம். பெருச்சாளி அடிப்பக்கத்தைக் கரம்பி ஓட்டை போட்டுவிட்டது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கோழிவலையும் சும்மா இல்லை, கச்சான் காற்றின் உப்பில் துருவேறி ஆடியில் கையோடு உதிர்ந்தது. எப்படியும் அதன் கண் பெரிது, சின்ன எலி தாராளமாக நுழையும்.

பக்கத்து வீட்டு அண்ணன் எலி மருந்து வைக்கச் சொன்னார். எங்களிடம் கோழி இருக்கிறது, பூனை இருக்கிறது, பனையில் ஆந்தை இருக்கிறது. வேண்டாமென்றுவிட்டேன்.

ஆவணியில் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை மூன்று வாங்கினேன். மூன்றடி அகலம், ஓரடி உயரம். துருப்பிடிக்காது, கரம்பவும் முடியாது. அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டு, நீர் வடியப் பென்சிலைவிடச் சன்னமாக ஏழெட்டுத் துளை விட்டேன். பென்சில் நுழைகிற துளை வைத்தால் சுண்டெலிக்கு அது வாசல். உறைகளின் இடுக்கைப் பூசி, மேலே மரச்சட்டத்தில் கால் அங்குலக் கண் எவர்சில்வர் வலை அடித்து மூடி செய்தேன். செலவில் பாதி அந்த மூடிக்குத்தான்.

உள்ளே போடுவது சருகு, முருங்கைக் கழி, புல், காய்கறித் தோல், கூடவே கரைத்த சாணி. பச்சை ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு மூன்று பங்கு. தென்னை மட்டையையும் தேங்காய் மட்டையையும் சேர்ப்பதில்லை, அவை மட்க வருஷக்கணக்கு ஆகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு; அதை ஊற்றி ஊற்றி வற்றவிட்டால் உப்பு உரத்திலேயே தங்கும் என்று அரிசி களைந்த தண்ணீரைத்தான் ஊற்றினேன். ஐப்பசியில் மழையே பார்த்துக்கொண்டது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. அதுதான் என் அளவு. வாரம் ஒருமுறை கடப்பாரையால் குத்திக் கிளறுவேன். எலிக்கு நிம்மதி போகும், உள்ளே காற்றும் போகும். தொட்டியை நிரப்பிய ஆறாம் நாள், குத்தி வைத்த கம்பியை உருவிப் பிடித்தால் சூடு கை பொறுக்கவில்லை.

கார்த்திகையில் தொட்டியை ஒட்டி மண்ணைப் பறித்த தடம் தெரிந்தது. பதறிப்போய்த் தோண்டிப் பார்த்தேன். வளை நேராகக் கான்கிரீட் வரை போய், அதை ஒட்டியே ஒரு முழம் வளைந்து, அப்புறம் வெளியே திரும்பியிருந்தது.

தையில் மணல் சல்லடையில் சலித்தேன். கறுப்பாக, மழை மண் வாசனையோடு இரண்டரைச் சாக்கு. பாதி கத்தரிக்கு, மீதி முருங்கைக்கு. மீன் கழிவு இப்போது நேராகப் பூனைக்குப் போகிறது. அப்பத்தாவுக்கு அதில் இன்னும் சம்மதமில்லை. தொட்டி காலியாக இருக்கிறது, வேம்பு கொட்டத் தொடங்கிவிட்டது.