சர்சினஸின் வளையத்தைப் பிடித்த கதை

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது சர்சினஸ் என்ற விண்மீன் திரள் (கேலக்ஸி). நடுவில் ராட்சதக் கருந்துளை. அதன் பக்கத்தில் பிறக்கும் எக்ஸ் கதிர் நேராக நமக்கு வராது. வாயுவும் தூசியும் சேர்ந்த தடித்த வளையம் குறுக்கே நிற்கிறது. 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிர் ஆற்றலின் அலகு) வரை நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வளையத்தில் பட்டுச் சிதறியதுதான். சிதறும்போது கதிர் தளவிளைவு (போலரைசேஷன்) பெறும், அதாவது அதன் அலைகள் ஒரே திசையில் அதிரத் தொடங்கும், செங்கோணத்தில் திரும்பினால் மிக அதிகமாக. அதனால் தளவிளைவை அளந்தால் வளையத்தின் வடிவமே பிடிபடும்.

எக்ஸ் கதிரின் தளவிளைவை அளக்க 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐக்ஸ்பி (IXPE) விண்வெளித் தொலைநோக்கியின் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இளம்பிள்ளையில் வீட்டிலிருந்தே இறக்கினேன். மென்பொருள் எல்லாம் இலவசம். பைத்தான் தெரிந்தால் போதும்.

கவனம் கேட்டது இரும்புக் கோடு. வளையத்திலுள்ள இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தாமே ஒளிர்கின்றன, அந்த ஒளிக்குத் தளவிளைவு கிடையாது. சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த அளவு நீர்த்துப்போகும். “6-க்குக் கீழ மட்டும் எடுத்துப் பாரும்மா” என்றார் என் கைடு சார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கஞ்சமலையின் இரும்பைப் பார்த்தே வளர்ந்தவள் நான். 1.3 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இரும்பின் கோடு திரையில் எழுந்து நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

வளையத்தில் சிதறிய கதிரின் தளவிளைவுக்கு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவு 28 சதவீதம், பிழை ஏறக்குறைய 7. தளவிளைவின் திசை, கருந்துளைப் பக்கத்திலிருந்து பீறிட்டு ரேடியோ அலையில் தெரியும் தாரைக்குச் செங்குத்து. என் கணக்கும் அந்தப் பிழை எல்லைக்குள் வந்தது. அப்புறம் மான்ட்டி கார்லோ சிமுலேஷன், அதாவது ஒளித்துகள்களின் (ஃபோட்டான்) பாதையைத் தற்செயல் எண்களால் கணினியில் நடத்திப் பார்ப்பது. ஃபோட்டான்களைச் சிறுசிறு தொகுதியாக ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் உடனே சேமித்தேன். இடையில் கரண்ட் போனாலும் முந்தையது தப்பிக்கும். வளையத்தை மெலிதாக்கினால் நேரடிக் கதிர் கலந்து தளவிளைவு சட்டென்று சரிகிறது. வளையத்தின் நடுத் திறப்பை மாற்றினாலும் அளவு மாறுகிறது. அரைத் திறப்புக் கோணம் (வளையத்தின் அச்சுக்கும் திறப்பின் விளிம்புக்கும் இடைப்பட்டது) 45 முதல் 55 பாகை என்று ஆய்வாளர்கள் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. என்ஜிசி 4151 என்ற இன்னொரு விண்மீன் திரளில் நேரடிக் கதிரே நமக்குத் தெரிகிறது. அங்கே 4.9 சதவீதம்தான், திசையும் தாரைக்கு இணை. சுற்றியிருப்பதைத் தீர்க்காமல் கருந்துளையைப் பற்றிப் பேசவே கூடாது என்பேன்.

வைவாவில் நல்ல கேள்வி வந்தது: “துருவப் பக்கம் இருக்கும் சூடான வாயுவில் சிதறினாலும் திசை செங்குத்தாகத்தானே வரும்?” சரியான கேள்வி. நிறமாலையைப் பிரித்துக் காட்டினேன். அதில் பெரும்பங்கு குளிர்ந்த பொருளின் எதிரொளிப்பு. அத்தனை வலுவான இரும்புக் கோடே அதற்குச் சாட்சி.