டிலக்ஷனுக்கும் வயதாகும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பைத் திறந்து பெயர்களை மட்டும் வாசித்தால் போதும், அது எந்தக் காலத்து இடாப்பு என்று சொல்லிவிடலாம். முனியாண்டி, காத்தாயி, பழனியம்மா என்றால் ஒரு காலம். மகேந்திரன், யோகேஸ்வரி, புஷ்பராணி இன்னொரு காலம். அதற்கடுத்து சிவகுமார், ரமேஷ், சாந்தி, வசந்தி. நிரோஷன், டிலக்ஷன், தர்ஷிகா, டிலானி வந்துவிட்டால் தொண்ணூறுகளைத் தொட்டுவிட்டோம். ஆத்விக், தஷ்வின், ஹாஷினி என்றால் அந்தப் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பெயர் இப்படிக் காலத்துக்குக் காலம் மாறுவது மலையகத்தில் பழைய பழக்கம் இல்லை. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்த சனம் தங்கள் குலசாமிகளின் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தது. முனியாண்டி, கருப்பையா, மாரிமுத்து, வீரம்மா எல்லாம் அப்படி வந்தவை. தாத்தா பெயர் பேரனுக்கு, அப்பாயி பெயர் பேத்திக்கு. ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்பி வரும்போது பழசு, புதுசு என்ற கணக்கே எழாது. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் பெரிய மாரியாயி, சின்ன மாரியாயி, மேல்கணக்கு மாரியாயி என்று அடைமொழி போட்டுச் சமாளித்தார்கள். வானொலியும் சினிமாவும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்து, 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கி, பிள்ளைகள் டவுன் பிள்ளைகளோடு பழகிய பிறகுதான் தாத்தா பெயர் என்ற கட்டு தளர்ந்தது. அந்தக் கட்டு தளர்ந்த இடத்தில்தான் நாகரிகம் நுழையும். பெயர்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சனும் மேற்கு நாடுகளைப் பற்றி இதையே சொல்கிறார்: வழக்கமும் உறவும் பெயரைத் தீர்மானிப்பது குறையக் குறைய, பெற்றோரின் ரசனை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

புதுப் பெயர்களெல்லாம் சினிமாவால் வருகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. நடிகரோ நடிகையோ ஒரு பெயரைக் காதில் போடலாம். ஆனால் பரவுவது அந்தப் பெயரின் வால். ரமேஷ் வந்தான், பின்னாலேயே சுரேஷ், தினேஷ், மகேஷ், ராஜேஷ். ‘ஏஷ்’ எல்லார் வீட்டிலும் புகுந்த பிறகு அடுத்த பெற்றோர் அதை விட்டு விலக விரும்பினார்கள். விலகினாலும் வெகுதூரம் போகவில்லை. ‘ஷ்’ஷைப் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றினார்கள்: நிரோஷன், டிலக்ஷன், மதுஷன். பெண் பிள்ளைகளுக்குத் தர்ஷினி, ரோஷினி, தர்ஷிகா, லக்ஷிகா. பிறகு அதிலும் ஒரு பாதியை வைத்து மறுபாதியை மாற்றி அஷ்வின், தஷ்வின், கவிஷ், ரித்விக். காதுக்குப் பழகிய ஒரு ஓசையும் பழகாத ஒரு ஓசையும் சேர்ந்தால்தான் ஒரு பெயர் புதிதாகவும் அந்நியமில்லாமலும் கேட்கும்.

அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா சூறாவளி அடித்தது. அதன் பின் ‘க’ ஓசையில் தொடங்கும் பெயர்கள் கூடியதை ஜோனா பெர்கரும் கூட இருந்த ஆய்வாளர்களும் கண்டார்கள். அத்தனை நாசம் செய்த புயலின் பெயரை யாரும் விரும்பி வைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட ஓசை மட்டும் காதில் தங்கிவிட்டது.

வாலில்தான் பெயரின் வயதும் இருக்கிறது. இன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து உலகத்தில் எவருக்கும் இல்லாத ஒரு ‘ஷிகா’ பெயரை உண்டாக்கினாலும், கேட்பவருக்கு அது முப்பது வயதுப் பெண்ணின் பெயராகத்தான் படும். முன்பாதி புதிது, வால் பழசு. “யாருமே வைக்காத பேரா வேணும்” என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முழுப்பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஈற்றைப் பார்ப்பதில்லை.

நிரோஷன், ரோஷான், டிலானி மாதிரிப் பெயர்கள் இங்கே நிலைத்ததற்கு ஓசை மட்டும் காரணமில்லை. அவை சிங்கள வீடுகளிலும் புழங்குகின்றன. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு, பெயரைக் கேட்டதும் இன்னார் என்று தெரிந்துவிடாமல் இருப்பதும் சில பெற்றோருக்கு ஒரு கணக்காக இருந்தது. அந்தப் பெயர்களை இன்று நாகரிக மோகம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஒரு பெயர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு வேகமாக இறங்கும் என்பதும் கணக்கில் தெரிந்த விஷயம். பெர்கரும் கேல் லெ மான்ஸும் பிரான்ஸ், அமெரிக்கா இரண்டிலும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பெயர்ப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2009இல் இதை வெளியிட்டார்கள். திடுமென ஏறும் பெயரைப் பார்க்கும் பெற்றோர், இது நாளைக்கு நிற்காது என்று தாங்களே ஒதுங்குகிறார்கள், அந்த ஒதுக்கமே பெயரைச் சாய்க்கிறது. பல வருடம் பரவலாக வைக்கப்பட்ட பெயருக்கு எல்லா வயதிலும் ஆட்கள் இருப்பார்கள். ஏழெட்டு வருடத்துக்குள் வெடித்து அடங்கிய பெயருக்கு ஒரே வயதில்தான் ஆட்கள். அவர்கள் எல்லாரும் ஒன்றாக மாமியாகவும் மாமாவாகவும் ஆகும்போது பெயரும் அவர்களோடு மாமியாகிறது. தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் இரண்டு ஆத்விக் சேர்ந்த அன்றைக்கே மூன்றாவது வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

விநோதமான பெயர்கள் பிறப்பதற்கு இன்னொரு வழி பஞ்சாங்கம். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்து. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, டா. ஆயிலியத்துக்கு டி, டு, டே, டோ. இந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. தமிழில் ‘ட’ சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே ஆயிலியத்துப் பிள்ளைக்கு எழுத்தைப் பிடித்தே தீரவேண்டும் என்றால் டிலக்ஷன், டினேஷ், டிலானி என்றுதான் போக வேண்டியிருக்கும். திருவாதிரையில் ‘ங’வும் உத்திரட்டாதியில் ‘ஞ’வும் கிடைத்த பெற்றோர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் எழுத்தும் கொஞ்சம் மாறும், த என்று ஒன்றில் இருப்பது இன்னொன்றில் ட என்றிருக்கும். இதற்குப் பெரியவர்கள் வைத்திருந்த வழி நல்ல வழி: நட்சத்திரப் பெயரைப் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்லி பூசைக்கும் சங்கல்பத்துக்கும் வைத்துக்கொள்வது, கூப்பிடவும் பதியவும் வேறு பெயர் வைப்பது.

அடுத்தது எண்சோதிடம். ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்துக் கூட்டுவார்கள். டிலக்ஷனை எடுங்கள்: டி 4, ஐ 1, எல் 3, ஏ 1, கே 2, எஸ் 3, எச் 5, ஏ 1, என் 5. கூட்டினால் 25, அதையும் கூட்டினால் 7. ஏழு வேண்டாம் என்று சொல்லி டிக்குப் பக்கத்தில் ஒரு எச் சேர்த்தால் 30, அதாவது 3. எச்சுக்குப் பதிலாகக் கடைசியில் இன்னொரு என் போட்டாலும் அதே 30தான். ஒரே பெயரைத் தாங்கிய மூன்று பிள்ளைகள் கடவுச்சீட்டில் மூன்று விதமாக இருப்பது இப்படித்தான். இந்த எழுத்துக்கூட்டல்களும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். இரட்டை ஏ, தேவையில்லாத எச் எல்லாம் கண்ணுக்கே தெரியும் வால்கள்.

தமிழ் எழுத்திலும் சிக்கல் குறைவில்லை. டிலக்ஷன், டிலக்சன், டிலுக்ஷன், டிலக்ஷான் என்று ஒரே ஆளுக்கு முன்பள்ளியில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது வேறொன்று என்று கிடக்கிறது. ‘க்ஷ’வும் ‘ஷ’வும் உள்ள பெயர் வைப்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். தனித்தமிழ்ப் பெயருக்கும் இந்தத் தொல்லை உண்டு. சிங்களத்தில் ‘ழ’ கிடையாது. யாழினி அங்கே யாளினி ஆகிவிடுவாள். அதற்காக அந்தப் பெயரை விடச் சொல்லவில்லை. எப்படி எழுதப்படும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், பதிவாளரின் காது முடிவு செய்ய விடாதீர்கள்.

செய்முறை இதுதான். பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் 42 நாட்களுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, சத்தியக் கூற்றும் ஆவணங்களும் தேவைப்படும். பெயரை வாயால் சொல்லாதீர்கள். ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பதிவில் உள்ளதை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பெயர் தீர்மானமாகவில்லை என்றால் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்து பின்னர் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்தப் பின்னர் பல வீடுகளில் பாடசாலை அனுமதி வரை இழுபடும்.

பெயரைத் தெரிவு செய்யும்போது உங்கள் டிவிசனில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஈறுகளுக்கு மட்டும் கோடு போடுங்கள். ஒரே ஈறு நாலைந்து வந்தால் அது உச்சியில் நிற்கிறது, இனி இறக்கம்தான். பிறகு லயத்து வாசலில் நின்று அந்தப் பெயரை மேல் லயத்துக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பாருங்கள். ஆத்விக் கடைசியில் ‘ஆது’வாகத்தான் வாழப்போகிறான் என்றால் ஆதுவும் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

பழைய பெயர் திரும்பி வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும், அந்தப் பெயருள்ளவர்கள் கண்ணிலிருந்து மறைந்த பிறகு. வள்ளி, மீனாட்சி, வேலன் அப்படி வரக்கூடியவை. மாரியாயியும் கருப்பாயியும் அவ்வளவு எளிதில் வரமாட்டார்கள். அவை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அதட்டிக் கூப்பிடப்பட்ட பெயர்கள், டவுன் பள்ளிக்கூடத்தில் சிரிக்கப்பட்ட பெயர்கள். அந்தப் பெயர்களில் குறையில்லை, கூப்பிட்ட தொனியில் இருந்தது குறை. இரண்டாம் பெயராகவாவது அப்பாயி பெயரைப் பதிந்து வைக்கலாம்.

இன்னொன்றை மறந்துவிடுவார்கள். நம் வழக்கத்தில் அப்பா பெயர் முன்னால் வரும். முனியாண்டி டிலக்ஷனின் மகன் டிலக்ஷன் ஆத்விக். வழக்கொழிந்த பெயர் எங்கும் போவதில்லை, ஒரு இடம் முன்னால் நகர்ந்து அடுத்த பிள்ளையின் முதலெழுத்தாகிறது. ஆகவே ஆண் பிள்ளைக்குப் பெயர் பார்க்கும்போது அதை முதலில் எழுதி, பக்கத்தில் நாளைக்கு அவனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு பெயரை எழுதி, இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் இன்னொரு பெயரைத் தேட 42 நாள் இருக்கிறது.