அதை மட்டும் எழுதிடாதீங்க

ஆய்வில் பங்கேற்பவர் ஒரு விஷயத்தை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால், எழுதாமல் விடுவதுதான் முறை. ஆய்வு நெறி அதைத்தான் சொல்கிறது. என் மனசும் அன்றைக்கு அதைத்தான் சொன்னது. அப்படியும் அந்தக் கோப்பை நினைத்தால் இன்னும் நெருடுகிறது.

பல்செட் அணிபவர்கள் பல் மருத்துவச் சேவையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற எங்கள் ஆய்வுக்காக ஒரு அம்மாவிடம் கேள்விகள் எல்லாம் முடிந்து கையெழுத்தும் வாங்கியாயிற்று. வாய்ப் பரிசோதனைக்காகப் பல்செட்டைக் கழற்றித் தரச் சொன்னேன். கீழ்ச் செட்டைத் திருப்பிப் பார்த்தபோது உட்புறம், ஈறின் மேல் உட்காரும் பள்ளம் முழுக்க, மஞ்சள் ஏறியிருந்தது. டீக்கறை, வெற்றிலைக்கறை எல்லாம் வெளிப்பக்கம்தான் பிடிக்கும். இது வெளியே துளியும் இல்லை. உள்ளே மட்டும், அதுவும் இடது ஓரத்தில் கூடுதலாக. "மூலிகையோ கைவைத்தியமோ ஏதாவது பயன்படுத்துகிறீர்களா?" என்ற கேள்விக்குச் சற்று முன்புதான் அந்த அம்மா "இல்லை" என்று சொல்லியிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"மஞ்சள்தான்," என்றார், பல் இல்லாத வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. "கத்தாழையில குழைச்சுத் தடவிக்கறேன். ரொம்ப வலிச்சா கிராம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு. அதை மட்டும் எழுதிடாதீங்க டாக்டரம்மா."

"எழுதினா என்னம்மா?"

"செட்டு கட்டிக் கொடுத்த டாக்டர் பார்ப்பாருல்ல? அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சு கொடுத்தார். சரியில்லன்னு நான் சொன்ன மாதிரி ஆயிடும்."

படிவம் அவரிடம் போகாது, பெயரே இருக்காது, ஒரு எண்தான் இருக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இருந்தாலும் வேண்டாம்மா" என்றார். சரி என்றேன். எழுதவில்லை.

இப்போது இங்கே எழுதுகிறாயே என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். அவர் யார் என்று காட்டக்கூடிய எதையும் இதில் வைக்கவில்லை. அவர் பயந்தது அந்த டாக்டரின் மனசு நோகும் என்பதற்காக. அந்த டாக்டர் இதைப் படித்தாலும் தன்னைப் பற்றியது என்று நினைக்க மாட்டார். ஆனால் இந்த நியாயம் போதுமென்றால் அன்றைக்குப் படிவத்திலும் எழுதியிருக்கலாமே என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. எனக்கு இருக்கிற ஒரே பதில், படிவத்தில் எழுதாதீர்கள் என்று நேரடியாகச் சொன்னார், அதற்கு நான் சரி என்றும் சொன்னேன் என்பதுதான்.

வாயில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலண்ணம் செக்கச்செவேல் என்று இருந்தது. சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் மேல்செட்டின் ஓரமும் முடிகிறது. பல்செட் அணிபவர்களுக்கு வரும் இந்த அழற்சியை நியூட்டன் என்பவர் 1962-லேயே மூன்று வகையாகப் பிரித்துவிட்டார். பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சையும், செட்டைச் சரியாகக் கழுவாததும், இரவு பகலாக மாட்டியே வைத்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை. இதில் சிக்கல் என்னவென்றால் அது அநேகமாக வலிக்காது. கீழே இடது ஓரத்தில் செட்டின் விளிம்பு அறுத்து ஒரு புண். அது வலிக்கும். அம்மா வலிக்கிற இடத்துக்குத்தான் மஞ்சள் தடவினார். மேல்செட்டில் மஞ்சளே இல்லை. பூஞ்சை இருந்த இடத்துக்கு மருந்து போகவில்லை. மருந்து போன இடத்துக்குத் தேவைப்பட்டது வேறு: செட்டின் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்திருந்தால் போதும்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அப்ப தடவறது தப்பாம்மா?"

"தப்புன்னு சொல்லலம்மா" என்றேன்.

இந்தப் பதிலை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அது பொய் இல்லை. மாதுளையிலிருந்து எடுத்த ஜெல்லைப் பூஞ்சைக்கான மருந்தான மைக்கோனசோல் ஜெல்லோடு ஒப்பிட்டு, பல்செட் அழற்சிக்கே சோதித்த ஆய்வு 2003-ல் வந்தது. தேயிலை மர எண்ணெய், கற்றாழை எல்லாம் சோதிக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் பலன் தெரிகிறது. ஆனால் இவற்றில் பல சிறிய ஆய்வுகள், குறுகிய காலம். செட்டைத் தேய்த்துக் கழுவு, ராத்திரி கழற்றி வை என்று இரு குழுவுக்கும் சொல்லிவிட்டால், அழற்சி குறைந்தது மூலிகையாலா, கழற்றி வைத்ததாலா என்று பிரிப்பது கஷ்டம். நம் மருந்துகளும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு மைக்கோனசோல் ஜெல் வாயில் தடவக் கொடுத்தால், வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தப்போக்கு வரைக்கும் போகலாம். இதெல்லாம் தெரிந்தவளாக நான் "தப்பு" என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் கிராம்பு எண்ணெய்? அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்யும். அதற்காகத்தானே பல் மருத்துவத்திலும் அதைக் காலங்காலமாக வைத்திருக்கிறோம். நேரடியாகச் சொட்டுவிட்டால் ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்கவும் செய்யும். அதைவிட முக்கியம், வலி மரத்துப்போனால் புண் இருப்பது மறந்துபோகும். வாயில் ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் நின்றால் அது புற்றுநோய் இல்லை என்று ஒருவர் பார்த்துச் சொல்லியாக வேண்டும். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அதையும் அம்மாவிடம் சொன்னேன். கிராம்பு எண்ணெயை விடுங்கள், ரெண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் கட்டாயம் வந்து காட்டுங்கள், ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடுங்கள் என்றேன். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. ராத்திரி கழற்றி வையுங்கள் என்பதை வெறும் சம்பிரதாயமாகச் சொல்லக்கூடாது என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் "தப்புன்னு சொல்லல" என்பதுதான் அவர் முகத்தை மலரச் செய்தது. மற்றதெல்லாம் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. என் ஆய்வில் மறுபடி பார்க்கும் ஏற்பாடு இல்லை.

போகும் முன் இன்னொன்றும் சொன்னேன். செட்டு லூசானதற்கு டாக்டரும் காரணமில்லை, செட்டும் காரணமில்லை. பல் போன பிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரையும் என்று 25 வருடம் தொடர்ந்து பார்த்து டால்கிரன் என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதினார். செட்டு அப்படியேதான் இருக்கிறது, அடியில் இருக்கிற மேடுதான் தேய்ந்துவிட்டது என்று எளிமையாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதை அவரே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருப்பார். செட்டு கொடுக்கும் நாளில் நாங்கள் எல்லோரும் சொல்கிறோம், இருபது விஷயங்களோடு சேர்த்து, ஒரே மூச்சில். புது செட்டை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதெல்லாம் எங்கே ஏறும்?

தரவு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோப்பில் பரிசோதனைத் தாள் "உட்புறம் கறை: உண்டு" என்கிறது. கேள்வித்தாள் "மூலிகை: இல்லை" என்கிறது. "கடந்த ஓராண்டில் பல்செட்டுக்காக மருத்துவரிடம் போனீர்களா?" இல்லை. "ஏன்?" தேவைப்படவில்லை. ஆய்வுக் குழுவில் இருந்த சக டாக்டர் இதைப் பார்த்துவிட்டு, கறையே சாட்சி, மூலிகை என்பதை "ஆம்" ஆக்கிவிடலாம் என்றார். முடியாது என்றேன். கறையை மட்டும் வைத்து அவர் அப்படிச் சொன்னார். எனக்குத் தெரிந்தது எப்படித் தெரிந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது அறிவியலாகத் தவறில்லை. நான் மறுத்ததும் நெறிப்படி தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அறிக்கையில் ஒரு வரி உண்மைக்கு மாறாக இருக்கிறது, அது எனக்குத் தெரிந்தே இருக்கிறது.

ஒரே ஒரு கோப்புதானே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியவில்லை. மருத்துவச் சேவைப் பயன்பாட்டை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 1968-ல் போட்டுக்கொடுத்த சட்டகத்தை வைத்துத்தான் கேட்கிறோம்: ஆளின் இயல்பு, வசதி, தேவை. வசதிக்கு நீளமான பட்டியல் வைத்திருக்கிறோம். தூரம், செலவு, துணைக்கு ஆள். தேவை என்பதற்கு ஒரே ஒரு கட்டம். அந்த அம்மாவின் "தேவைப்படவில்லை" எங்கிருந்து வந்தது? மஞ்சளிலிருந்து வந்தது. வலியை அது தணித்தது, அதனால் தேவை என்ற எண்ணமே எழவில்லை. மூலிகையை மருத்துவருக்குப் போட்டியாக வைத்து, இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவருக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. டாக்டர் மேல் மரியாதை இருந்ததால்தான் அவரிடம் போகவில்லை, அந்த மரியாதையால்தான் கேள்வித்தாளிலும் மறைத்தார். அறுபது வயதைத் தாண்டியவர்களில் உலக அளவில் சுமார் 23 சதவீதம் பேருக்குப் பல்லே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. அவர்களில் செட்டு வைத்திருப்பவர்களிடம் இந்தக் கேள்வியை ஒரு பல் டாக்டரே கையுறை போட்டுக்கொண்டு கேட்டால், யார்தான் வாயைத் திறந்து சொல்வார்கள்?

அடுத்த கட்டத்துக்கான படிவத்தில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மூலிகை பற்றிய கேள்விகளைப் பல் டாக்டர் அல்லாத ஒருவர் கேட்பார். "பயன்படுத்துகிறீர்களா?" என்பதற்குப் பதில் "புண் வந்தால் என்னென்ன தடவுவீர்கள்?" என்றிருக்கும். இதில் குழுவில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஒத்துப்போகாதது ஒரு வரியில்தான். கையெழுத்துக்குப் பிறகு சொல்வது எதுவும் ஆய்வில் சேராது என்று ஒப்புதல் படிவத்திலேயே அச்சிட வேண்டும் என்கிறேன். அப்படிப் போட்டால் ஆட்கள் உண்மையை எல்லாம் அந்த நேரத்துக்கென்றே எடுத்து வைத்துக்கொள்வார்கள், நமக்கு மிஞ்சுவது வெறும் கட்டங்கள்தான் என்கிறார் சக டாக்டர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்க என்னிடம் பதிலும் இல்லை. அந்த வரியோடுதான் நெறிக்குழுவுக்கு அனுப்பப்போகிறேன்.