மூடி வெல்டிங் ஆகும் வரை

அணுக்கழிவைச் சாலையிலோ ரயிலிலோ கொண்டுபோவது பற்றிய விவாதம் பெரும்பாலும் விபத்தில்தான் போய் நிற்கிறது. வண்டி கவிழ்ந்தால்? தீப்பிடித்தால்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றை மனதில் வைத்தே விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பயன்படுத்திய எரிபொருளை ஏற்றும் கொள்கலனின் வடிவமைப்பு, 9 மீட்டர் உயரத்திலிருந்து சற்றும் வளைந்துகொடுக்காத தளத்தில் விழுவதையும், 1 மீட்டரிலிருந்து 15 செ.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டின் மேல் விழுவதையும், பிறகு 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் கிடப்பதையும் தாங்கியாக வேண்டும். வண்டியிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. கழிவை உள்ளே வைத்து மூடும் வேளை அது.

உலையிலிருந்து எடுத்த எரிபொருள் கட்டுகள் குளத்தில் சில ஆண்டுகள் ஆற வேண்டும். 5 ஆண்டு என்பது பொதுவான கணக்கு. பிறகு எஃகுக் கலனை நீருக்குள் இறக்கி, கட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மூடியோடு வெளியே தூக்குகிறார்கள். மூடியை வெல்டிங் செய்து, நீரை வடித்து, பம்ப் வைத்து வெற்றிடமாக்கி உலர்த்தி, ஹீலியம் நிரப்புகிறார்கள். ஹீலியம் எதனோடும் வினைபுரியாது, வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும்.

கோளாறு நுழைய வாய்ப்புள்ள இடம் உலர்த்தல். பம்ப் வேகமாக இழுத்தால் இடுக்கில் தேங்கிய நீர் உறைந்துவிடும். அழுத்தமானி நல்ல எண்ணைக் காட்டும், நீரோ உள்ளேயே இருக்கும். அதனால்தான் படிப்படியாக அழுத்தத்தைக் குறைத்து, சுமார் 4 மில்லிபாரில் வால்வை அடைத்து, 30 நிமிடம் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அவசரப்படக் கூடாது, தாமதித்தாலும் சிக்கல். வெற்றிடத்தில் வெப்பம் எளிதில் வெளியேறாது, எரிபொருள் கோல்களின் சிர்கோனிய உறை சூடேறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் இதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 400 டிகிரி. மிகையாகச் சூடேறினால் உறையில் கரைந்த ஹைட்ரஜன், ஆறும்போது ஹைட்ரைடாகத் திசைமாறிப் படிந்து உறையை எளிதில் நொறுங்கும்படி ஆக்கிவிடும். பல பத்தாண்டு கழித்துப் பயணத்தின் அதிர்வைத் தாங்க வேண்டியதும் இதே உறைதான்.

எரிபொருள் அல்லாத கழிவிலும் இதே கதைதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், 655 மீட்டர் ஆழத்தில் உப்புப் பாறைக்குள் உள்ள கிடங்கில் 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் வெடித்துக் கதிரியக்கம் கசிந்தது. அது வழியில் அடிபட்ட பீப்பாய் அல்ல. நிரப்பிய இடத்தில், நைட்ரேட் உப்புக் கழிவோடு களிமண் வகைக்குப் பதில் கோதுமையால் செய்த உறிஞ்சுபொருளைக் கலந்துவிட்டார்கள். நைட்ரேட்டும் கரிமப் பொருளும் சேர்ந்தால் தானாகவே சூடேறும். கிடங்கில் மீண்டும் கழிவை வைக்க 2017 ஆகிவிட்டது.

கலன்களைப் பல ஆண்டுகள் வளாகத்திலேயே வைத்திருக்கும் கடலோர அணுமின் நிலையங்களுக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றின் குளோரைடு, எஃகுக் கலனின் வெல்டிங் ஓரங்களில் எஞ்சிய இழுவிசையோடு சேர்ந்து மெல்ல விரிசலை உண்டாக்கலாம். கலன் நல்ல சூடாக இருக்கும்வரை ஈரம் தங்காது. ஆண்டுகள் போய் ஆறிய பிறகே ஆபத்து தொடங்கும். கலனைச் சுற்றியுள்ள காங்கிரீட் கூட்டின் காற்றுத் துளைகள் வழியே கேமராவை நுழைத்துப் பார்க்கலாம், முழுப் பரப்பையும் எட்டுவது கடினம்.

விரிசல் கண்ட கலனின் எரிபொருளை வேறொன்றுக்கு மாற்றக் குளம் வேண்டும், அல்லது தடித்த சுவருள்ள கதிர்க்காப்பு அறை வேண்டும். நிலையத்தை மூடிய பின் செலவைக் குறைக்கக் குளத்தையும் இடித்துவிடுகிறார்கள். அந்த அறை தயாராகும்வரை குளத்தில் கைவைக்க உரிமம் தரக் கூடாது என்பதே என் கோரிக்கை.